ஆள் வராத நாள்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். மேலாண்மைத் துறையில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் ஷூ கம்பெனி, தனியார் மருத்துவமனை, பஸ் டிப்போ, வருவாய்த்துறை அலுவலகம் ஆகிய நான்கு இடங்களில் மேலாண்மை நடைமுறைகள் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் தலைப்பு. 42 கேள்விகள் கொண்ட படிவம் தயாரித்தேன். ‘முற்றிலும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். 380 படிவங்கள் நிரம்பி வந்தன. பெரும்பாலும் எல்லாரும் ‘ஏற்கிறேன்’ கட்டத்திலேயே டிக் அடித்திருக்கிறார்கள். ஷூ கம்பெனிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று கணக்கு சொல்கிறது. “இதை வைத்தே அத்தியாயத்தை முடித்துவிடு” என்கிறார் என் நெறியாளர்.

என் அம்மா இருபது வருஷம் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்தவர். அவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். “இதுல எங்க கம்பெனி எங்கடி இருக்கு?” என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு எழுத ஓடவில்லை. நீங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு இடங்களை ஒப்பிடுவதே தவறா? இந்தப் படிவங்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஓர் ஆய்வு மாணவி, குடியாத்தம்

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அம்மா கேட்ட கேள்வியை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதைவிடக் கூர்மையான கேள்வியை வாய்மொழித் தேர்வில் கூட யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

படிவம் யார் கையால் லைனுக்குள் போனது என்று நீங்கள் எழுதவில்லை. பர்சனல் ஆபீஸில் வாங்கி, சூப்பர்வைசரிடம் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் விநியோகித்து, சாயங்காலம் வேன் கிளம்புவதற்குள் திரும்ப வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷம், வருகையும் வேலை நேரமும் பதிவாகும் டைம் ஆபீஸில் இருந்தேன். இப்படிப்பட்ட படிவங்கள் என் மேஜை வழியாகவும் போயிருக்கின்றன. பாத்ரூம் போவதற்கே டோக்கன் வாங்க வேண்டிய லைன் அது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், ‘என் மேலதிகாரி என் கருத்துக்கு மதிப்பளிக்கிறார்’ என்ற வரிக்கு எதிரே, அந்த மேலதிகாரி முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது, ‘மறுக்கிறேன்’ என்று டிக் அடிப்பாரா? ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்று அடித்தால் பக்கத்து சீட்டுக்காரி சிரிப்பாள். ‘ஏற்கிறேன்’ என்பது யாரோடும் வம்பு வராத கட்டம். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் விடையை 380 பேரில் பெரும்பாலோர் எழுதியிருக்கிறார்கள்.

வெவ்வேறு இடங்களை ஒப்பிடுவதில் தவறே இல்லை. நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 732 நடுத்தர உற்பத்தி நிறுவனங்களை ஒப்பிட்டார்கள். அதே முறையைப் பின்னால் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டு போனார்கள். அவர்கள் ‘ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா’ என்று கேட்கவில்லை. மேலாளரிடம் போனில் பேசி, வேலை எப்படி நடக்கிறது என்று விவரிக்கச் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு 18 நடைமுறைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டது கேள்வி கேட்டவர்தான். மதிப்பெண் போடுகிறார்கள் என்பதே மேலாளருக்குத் தெரியாது. அந்த முறையிலும் எனக்குக் குறை உண்டு. அது மேலாளரின் குரலை மட்டும் கேட்கிறது, உங்கள் அம்மாவின் குரல் அதில் இல்லை. ஆனாலும் அபிப்பிராயத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்டார்கள். நீங்களும் நடந்ததைக் கேளுங்கள்.

நான்கு இடங்களிலும் தவறாமல் நடக்கும் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஆள் வராத நாளைச் சொல்வேன். தையல்காரி வராத நாள், நர்ஸ் வராத நாள், கண்டக்டர் வராத நாள், கிராம நிர்வாக அலுவலர் வராத நாள். வராத சேதி எப்போது தெரிந்தது, முதலில் யாருக்குத் தெரிந்தது, என்ன செய்வதென்று யார் முடிவெடுத்தார், அந்த ஒருவரின் வேலை கடைசியில் யார் தலையில் விழுந்தது என்று பின்தொடர்ந்து போங்கள்.

நான் பார்த்த ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் மெஷினில் இருந்த பெண் வரவில்லை. ஓரம் சீவாமல் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்க முடியாது, அதனால் மொத்த லைனும் அந்த ஒரு மெஷினுக்காகக் காத்திருந்தது. சூப்பர்வைசர் ஒரு ஹெல்ப்பர் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் சீவியதில் பாதி கிழிந்தது. மதியத்துக்கு மேல் வேறு லைனிலிருந்து ஆளைக் கடன் வாங்கினார்கள், அந்த லைனும் படுத்தது. சாயங்காலம் டார்கெட் முடியாததால் வேனை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து எல்லாரையும் வேலை வாங்கினார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

என் பதிவேட்டில் அன்றைக்கு ‘ஆப்சென்ட் 1’ என்று இருந்தது. உற்பத்தி அறிக்கையில் டார்கெட் முடிந்தது என்று இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை ஓவர்டைமில் ஏற்ற வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள். நானும் ஏற்றவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது என்னை உறுத்துகிறது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கேட்டிலேயே அரை மணி நேரம் நிறுத்தினார்கள். குழந்தைக்குக் காய்ச்சலாம். திங்கட்கிழமை ராத்திரியே வேன் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை உள்ளே யாரிடம் சொல்ல வேண்டும் என்று டிரைவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. காலை ஆறரைக்கே அந்த சேதி கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது. வாசலிலிருந்து லைனுக்கு நூறு அடி தூரம். அந்த நூறு அடியைக் கடக்க அதற்கு வழியில்லை. உங்கள் 42 கேள்விகளில் எதில் இது அகப்படும்?

இனி மருத்துவமனை. என் மனைவிக்கு உடம்பு முடியாமல் பதினோரு நாள் வார்டில் துணைக்கு இருந்தேன். ஒரு ராத்திரி ஷிப்டுக்கு வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. பகல் ஷிப்டு நர்ஸ் கிளம்பவில்லை, ரிலீவ் பண்ண ஆள் வராமல் அங்கே யாரும் போக முடியாது. முக்கால் மணி நேரத்தில் வேறு வார்டிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு பேரும் ஒவ்வொரு கட்டிலாக நின்று, எந்த மருந்து போயிருக்கிறது, எது பாக்கி, யாருக்கு ராத்திரி மூச்சு வாங்கும் என்று சொல்லி ஒப்படைத்தார்கள். வந்தவருக்கு அந்த வார்டு புதிது, ஆனால் ஒப்படைக்கும் முறை புதிதல்ல. அதைப் படிக்கும் காலத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த, இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக இருக்கும் இடத்தில் 1909-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது, 1946-ல் பட்டப்படிப்பும் வந்தது. நான்கைந்து தலைமுறையாகக் கைமாறி வந்த பழக்கம் ஒரு நர்ஸின் கையில் இருக்கிறது. எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு யார் எதைக் கற்றுக்கொடுத்தார்கள்? நன்றாகத் தைத்தார் என்பதற்காக சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவ்வளவுதான்.

டிப்போவைப் பற்றி எனக்கு வெளியிலிருந்துதான் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆள் இல்லையென்றால் ஒருவரை டபுள் டூட்டி பார்க்க வைப்பார்கள், இல்லாவிட்டால் டிரிப் கட். எந்த டிரிப்பைக் கட் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள். வேலூர்–சென்னை வண்டியா, ஒடுகத்தூருக்கு மேலே மலையடிவாரத்துக்குப் போய் ராத்திரி அங்கேயே தங்கும் நைட் ஹால்ட் வண்டியா? அந்தத் தேர்வை யார் செய்கிறார், வசூலை வைத்தா, ஸ்டாப்பில் காத்திருப்பவரை நினைத்தா என்று அறிய டிப்போவில் நாலு நாள் உட்கார்ந்தால் போதும்.

வருவாய்த்துறைதான் நான்கிலும் கஷ்டமானது. அங்கே ஆள் வராவிட்டாலும் எதுவும் நிற்பதாகத் தெரியாது. பக்கத்துக் கிராம அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் பணியிடம் நிரம்பிவிடும். என் தம்பி மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு சான்றிதழுக்காக அலைந்தபோது, எங்கள் கிராமத்துக்குப் பொறுப்பு வகித்தவர் இன்னும் இரண்டு கிராமங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் எந்த நாள் எந்த ஊரில் இருப்பார் என்று எங்கும் எழுதிப் போடவில்லை. அந்தப் பெண் நான்கு தடவை போனாள். அவள் அப்பா நான்கு நாள் கூலியை இழந்தார். லைனில் ஆள் குறைந்தால் நஷ்டம் உடன் வேலை செய்பவர்கள் மேல் விழுகிறது, இங்கே வாசலில் நிற்பவர் மேல் விழுகிறது. அந்த அலுவலரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று கிராமத்துக்கு ஒரே மனிதர்.

1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியக்காரர் என்ற பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அதற்கு முன்னால் கர்ணம் ஊரில் இல்லையென்றால் அவர் வீட்டு ஆள் யாராவது கணக்கைத் திறந்து பார்த்துச் சொல்வார். அந்தப் பரம்பரை அதிகாரம் ஒழிந்தது மிக நல்லது, அது எந்தெந்த வீட்டு வாசலில் யாரையெல்லாம் நிற்க வைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் ‘ஆள் இல்லாதபோது யார்’ என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாட்டில் ஒரு நல்ல விடை இன்னும் அமையவில்லை. உங்கள் ஆய்வில் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம்.

அரசு அலுவலகத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. கண்காணிப்பைக் கூட்டினால் வேலை நடக்கும் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடாதீர்கள். இம்ரான் ரசூல், டேனியல் ரோகர் இருவரும் நைஜீரிய அரசு ஊழியர்களின் 4,700-க்கும் மேற்பட்ட திட்டப் பணிகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஊழியர்களுக்குச் சுயமாக முடிவெடுக்க இடம் கொடுத்த அமைப்புகளில் பணிகள் அதிகம் முடிந்திருந்தன, ஊக்கத்தொகையும் கண்காணிப்பும் கூடுதலாக இருந்த இடங்களில் குறைவாக முடிந்திருந்தன. இங்கேயும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தாலுகா அலுவலகத்துக்குள் போகும்போது அந்த முடிவும் உங்கள் மனதில் இருக்கட்டும்.

உங்கள் நான்கு இடங்களில் அடங்காத ஐந்தாவது ஒன்று நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் இருக்கிறது. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராமலும் தனியாக அமைக்காமலும் இருக்கும் தோல் ஆலைகளை மூடச் சொன்னது. பல முதலாளிகள் சேர்ந்து நடத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேற்பார்க்கும் அந்தப் பொது நிலையம் தொழில் நிறுவனமா, பொது அமைப்பா? 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் ராத்திரி உடைந்தது. பக்கத்து ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளிகள். ஆள் வராத பிரச்சினைக்கு நம் தொழிற்பேட்டைகளில் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, ஆளை உள்ளேயே படுக்கவைப்பது. உள்ளே தங்கியவருக்கு ஆப்சென்ட் கிடையாது. இந்த நடைமுறைக்கு எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது? எழுதும்போது என் கை நடுங்குகிறது, ஆனால் நீங்கள் இதை விட்டுவிடக்கூடாது.

380 படிவங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் படிவம் யார் மூலமாகக் கொடுக்கப்பட்டது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நினைவில் உள்ளவரை குறித்துவையுங்கள். பிறகு அதே ஆட்களில் முப்பது பேரை அவரவர் வீட்டுத் திண்ணையில் சந்தித்து, “கடைசியாக உங்கள் இடத்தில் ஆள் வராத நாளைச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். டிக் அடித்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் இருக்கும் தூரமே ஒரு அத்தியாயம். நெறியாளரிடம் சண்டை வேண்டாம். அவர் கேட்கும் கணக்கையும் போட்டுக் கொடுங்கள், அதன் பக்கத்தில் இதை வையுங்கள்.

எந்த நாளைப் பின்தொடர்வது என்றும் குழம்ப வேண்டாம். உங்கள் ஊரிலேயே வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. அன்றைக்குக் குடியாத்தத்து ஆள் எவரும் வேலைக்கு வர மாட்டார் என்பது கம்பெனிக்கும் டிப்போவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு வருஷம் முன்பே தெரியும். அதற்கு யார் எப்போது ஏற்பாடு செய்கிறார்கள் என்று சித்திரைக் கடைசி வாரத்திலிருந்தே பதிவு செய்யுங்கள். அதோடு ஒப்பிட, திருவிழா எதுவும் இல்லாத, யாரோ ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேட்டியை உங்கள் அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.