மாட்டு ஊசி மனுஷன் கையில் குத்தினால்?

கேள்வி: அண்ணாச்சி, போன வாரம் எங்க மாட்டுக்குக் கொம்பில் புண் என்று மயக்க ஊசி போட வந்தார்கள். மாடு திமிறியதில் ஊசி என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கால் மணி நேரத்தில் கண் சொருகித் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்துப் பார்த்தோம், சாயங்காலம்தான் எழுந்தார். “தூக்கம்தானே” என்கிறார். பயப்படணுமா?
- ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: பயப்படத்தான் வேண்டும், தங்கச்சி. உள்ளே போனது கொஞ்சம், அதனால் எழுந்துவிட்டார். நான் 30 வருஷம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவன். அங்கே அதிகம் புழங்கும் மயக்க மருந்து சைலசின். 1962-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனி உண்டாக்கியது, மனிதருக்கான மருந்தே இல்லை. உடம்பில் ஏறினால் நாடி இறங்கும், மூச்சு மந்தமாகும், பிரஷர் முதலில் ஏறி அப்புறம் சரியும், சர்க்கரையும் கூடும். இதற்கென்று மனிதருக்கு அனுமதித்த முறிவு மருந்தும் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், சலைன், நாடி ரொம்ப இறங்கினால் அட்ரோபின், தேவைப்பட்டால் வென்டிலேட்டர் என்று மருந்தின் வேகம் தணியும்வரை தாங்கிப் பிடிப்பார்கள். அதற்கு ஆள் நேரத்தோடு அங்கே போய்ச் சேர வேண்டும், திண்ணையில் படுத்திருந்தால் யார் மூச்சைப் பார்ப்பது?

இனி இப்படி நடந்தால் காப்பி, மோர், புளித்தண்ணி எதுவும் வேண்டாம். சொக்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள், இதை மட்டும் மறக்கவே கூடாது. வயல்காட்டு ஆள், நாடி குறைவு, கண்மணி சுருக்கம் என்றதும் டாக்டருக்கு முதலில் பூச்சிமருந்து விஷம்தான் ஞாபகம் வரும், அது நியாயமும்கூட. பாட்டிலைப் பார்த்தால் பெயரும் தெரியும், மில்லிக்கு 20 மில்லிகிராமா 100 மில்லிகிராமா என்பதும் தெரியும். ஒரே சொட்டில் ஐந்து மடங்கு வித்தியாசம். டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தை 1800 116 117-ல் கேட்கலாம்.

அடுத்த தடவை மூக்கணாங்கயிற்றை இழுத்துக் கட்டி, மாடு அசையாமல் நின்ற பிறகுதான் ஊசி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் மூடியைப் பல்லால் கடித்து இழுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்.

குத்தின கைக்கு டிடி ஊசி போட்டீர்களா என்று எழுதவில்லையே. போடவில்லை என்றால் நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.