தீவு நாட்டு வெள்ளி நாணயம்: வழக்குக்கு மும்பை போக வேண்டுமா?

கேள்வி: வக்கீல் சார், நான் பாளையங்கோட்டை. நாணயம் சேர்ப்பவன். 'நியுவே தீவின் நினைவு நாணயம், 999 சுத்த வெள்ளி, ஒரு அவுன்ஸ்' என்ற விளம்பரத்தை நம்பி மும்பை வியாபாரி ஒருவரிடம் ஆன்லைனில் ஐந்து வாங்கினேன். மொத்தம் 60,000 ரூபாய். டவுனில் வெள்ளிக்கடையில் காட்டினால் வெறும் முலாம் என்கிறார்கள். விற்றவரோ, 'ரிட்டர்ன் கிடையாது, வழக்கு மும்பையில்தான்' என்கிறார். என்ன செய்ய?

பதில்: மும்பைக்குப் போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில்லில் பொடி எழுத்தில் மும்பை என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. 'ரிட்டர்ன் கிடையாது' என்பதும் செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

அதற்கு முன், பெட்டியோடு வந்த சான்றிதழை ஒரு வரி விடாமல் படியுங்கள். இத்தகைய தீவு நாடுகளின் பெயரில் சுத்த வெள்ளி நாணயமும் வருகிறது, முலாம் பூசியதும் வருகிறது. சான்றிதழிலேயே முலாம் என்றிருந்தால் நாணயம் போலி இல்லை, விளம்பரம்தான் பொய். அப்போது 'போலி நாணயம் விற்றார்' என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். 'தவறான விளம்பரம், நியாயமற்ற வணிக நடைமுறை' என்று எழுதுங்கள். இந்த இடத்தில்தான் நல்ல புகார்கள் வீணாகின்றன.

கடைக்காரர் சொன்னது மட்டும் சாட்சியம் ஆகாது. உரசவோ வெட்டவோ யாரையும் விடாதீர்கள். நாணயத்தை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்குப் பிரிவு 38 அதிகாரம் தருகிறது. உங்கள் சந்தேகம் தீர, சேதமில்லாத சோதனை ஒன்று உண்டு: ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்த வெள்ளி தண்ணீரில் மூழ்கினால் ஏறக்குறைய 3 மில்லி தண்ணீர் விலகும். அதே எடை செம்பு என்றால் 3.5 மில்லி.

விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழியக் கூடாது. அந்தப் பேச்சில் 'விற்று லாபம் பார்க்கத்தான் வாங்குகிறேன்' என்று எழுதியிருந்தால் என்னிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மறுவிற்பனைக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் இல்லை.

சரி, முதலில் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் புகார் கொடுங்கள். காலக்கெடு 2 வருடம். வழிகாட்டுதல் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.