காயலான் கடைப் பொருட்களை வைத்து கொல்லுப்பட்டறைக்கு பவர் ஹேமர் (மோட்டாரில் ஓடும் சம்மட்டி) செய்ய முடியுமா?

முடியும். எங்கள் பட்டறையில் ஒன்று ஓடுகிறது. அப்பாவுக்குச் சம்மட்டி போட ஆள் கிடைக்காமல் போனதால் செய்தது. லாரிப் பட்டையை (லாரியின் ஸ்பிரிங் தகடு) அருவாளுக்கு நீட்டுவதுதான் அதற்கு முழுநேர வேலை.

அமெரிக்காவில் கிளே ஸ்பென்சர் என்ற கொல்லர் பரப்பிய ‘டயர் ஹேமரில்’ கிளட்ச் என்று தனியாக எதுவும் கிடையாது, கார் டயர்தான் கிளட்ச். அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாவு மில்லில் கழற்றிப் போட்ட 1 எச்.பி. மோட்டார், 1440 சுற்று. அதைக் கீலில் தொங்கவிட்டுத் தண்டில் 3 அங்குல உருளை மாட்டினேன். பெடலை மிதித்தால் உருளை டயரில் அழுந்தும். டயர் மாருதி 800 ஸ்டெப்னி, விட்டம் 20 அங்குலம். ஆக, நிமிடத்துக்கு 200 அடிக்குக் கொஞ்சம் மேல். லேசாக மிதித்தால் வழுக்கிக்கொண்டு மெதுவாக அடிக்கும். சக்கரத்தில் மையம் தள்ளி ஒரு முளை. அது ஒரு கம்பி வழியாக லாரிப் பட்டையின் பின்முனையை ஆட்டும். முன்முனையில் 20 கிலோ சுத்தி.

இதெல்லாம் சுலபம். நான் ஏமாந்தது கீழே, அடி வாங்கும் பட்டடையில். ஆறங்குலக் குழாயை நிறுத்தி, உள்ளே கான்கிரீட் ஊற்றி, மேலே தடித்த தகட்டை வெல்டிங் வைத்தேன். சத்தம் தெருவையே எழுப்பியது, பழுத்த இரும்பில் மட்டும் லேசான தழும்பு. அடி பூராவும் தரைக்குள் போய்விட்டது. சுத்தியைப் போல 10 மடங்காவது கீழே கெட்டி இரும்பு வேண்டும். 15 மடங்கு என்றால் இன்னும் நல்லது. அப்புறம் 8 அங்குல ஷாஃப்ட் துண்டு ஒன்றை, மூன்றடி உயரம், 220 கிலோ, எடை போட்டு வாங்கி நட்டுவைத்தேன். அதே மோட்டார், அதே சுத்திதான். ஒரே சூட்டில் பட்டை விரல் நீளம் நீண்டது.

ஆட்டும் பட்டையில் நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள். சூடு பட்ட ஓரத்தில் ஸ்பிரிங் இரும்பு நொறுங்கிப்போகும். எனக்கு மூன்றாம் நாளே முறிந்தது. யூ போல்ட் போட்டு இறுக்குங்கள், சுற்றிலும் கம்பிக் கூண்டு கட்டுங்கள்.

பிரேக்கும் வேண்டும். காலை எடுத்த பிறகும் டயர் தன் வேகத்தில் இரண்டு மூன்று அடி போடும். அப்பா இரும்பைத் திருப்பப் போன நேரம் அப்படி ஒரு அடி விழுந்து, இடுக்கி கையைவிட்டுப் பறந்து கூரையில் மோதியது. அன்று சாயங்காலமே வைத்துவிட்டேன்: பழைய பெல்ட் துண்டு ஒன்று, இழுத்துப் பிடிக்க ஒரு சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்.