ஒளியால் காந்தத்தை ஆராயும் படிப்புக்கு வேலை உண்டா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், அடுக்கடுக்கான குறைக்கடத்திகளின் (மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருட்களின்) காந்தத்தன்மையை ஒளியைக் கொண்டு ஆராயப் போவதாகச் சொல்வதையும், அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்ற உங்கள் கவலையையும் படித்தேன். அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்ட பொருட்களில் ஒன்றான குரோமியம் டிரை அயோடைடு, சீட்டுக்கட்டைப் போல அடுக்குகளாலான படிகம். ஒட்டுநாடாவால் உரித்து உரித்து ஒரே அடுக்கு மிஞ்சினாலும் அது காந்தமாகவே இருப்பதை, 2017இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்த குழு காட்டியது. அத்தனை மெல்லிய படலத்தின் காந்தத்தை வழக்கமான கருவிகளால் அளப்பது மிகக் கடினம் என்பதால், ஒரே தளத்தில் அதிரும் லேசர் ஒளியை அதன்மேல் விழச்செய்து, எதிரொளித்து வரும்போது அத்தளம் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று பார்த்தார்கள். காந்தத்தில் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் தளம் சுழலும் என்று 1870களில் இயற்பியலாளர் ஜான் கெர் கண்டறிந்த விளைவுதான் இது. சுழற்சி ஒரு பாகையைக்கூட எட்டாது. ஓரடுக்குப் படலம் சுமார் 45 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 228 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் காந்தமாக இருக்கும். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால், மந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கைவிட்டு உரிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் மகள் கற்கப்போவது காந்தவியலை மட்டுமல்ல. ஒளியியல், வெற்றிடம், கடுங்குளிர், இரைச்சலுக்குள் புதைந்த சிறு சமிக்ஞையைப் பிரித்தெடுப்பது ஆகிய கைவேலைகளையும்தான். சிப் தயாரிப்பில் படலங்களை அளந்து சோதிக்கும் பிரிவும், லேசர் கருவி நிறுவனங்களும் தேடுவது இந்தத் திறமைகளையே. பேராசிரியர் பதவி மட்டுமே குறி என்றால் இடங்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பிறகு நெட், கேட் அல்லது ஜெஸ்ட் என்ற தேர்வுகளில் ஒன்றின் வழியாக முனைவர் பட்டம் என்பது நேரான பாதை. நெட் தேர்வில் சிறப்பாகச் செய்வோருக்கான ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு நல்கை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். கல்யாணப் பேச்சு நடுவில் வரும் என்பதால் இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அதற்கு முன், இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். போய்வந்து, லேசர்க் கதிரை நேராக்கவே நான்கு நாள் ஆயிற்று என்று சொல்லும்போது, அலுத்துக்கொள்கிறாளா, ஆசையாகக் கதை சொல்கிறாளா என்று கவனியுங்கள். ஜாம் கட்டணத்தை அதன்பிறகு கட்டலாம்.