புதுக் கணினியில் கடைப் பெயர்: கேள்வி-பதில்

கேள்வி: கணினி அசெம்பிள் செய்து விற்கும் கடை எங்களுடையது. ஒரு பள்ளிக்கு விண்டோஸ் 11 போட்டு 20 கணினிகள் தர வேண்டும். முதல்முறை ஆன் செய்தவுடனே எங்கள் பெயரும் லோகோவும் வரவைக்க முடியுமா?

பதில்: பாதிதான் முடியும். நாடு, கீபோர்டு, வைஃபை கேட்கும் திரைகளின் தோற்றம் மைக்ரோசாஃப்ட் கையில் இருக்கிறது. முதல்முறைத் திரைகளுக்கான ஓஓபிஇ.எக்ஸ்எம்எல் கோப்பு வழியே உங்கள் உரிமப் பக்கத்தையும் பதிவுப் பக்கத்தையும் சேர்க்கலாம். பதிவுப் பக்கம் உங்களுக்கு வேண்டாத வேலை. வாங்கியவர் தரும் பெயரும் மின்னஞ்சலும் அந்தக் கணினிக்குள்ளேயே கிடக்கும். அதை எடுத்து அனுப்பத் தனிச் செயலி எழுத வேண்டும்.

விண்டோஸ் அமைப்புக்கான பதில்களை முன்பே எழுதி வைக்கும் அன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஓஇஎம்இன்ஃபர்மேஷன் (தயாரிப்பாளர் விவரம்) பகுதியை நிரப்புங்கள்: தயாரிப்பாளர் பெயர், மாடல், உதவித் தொலைபேசி எண், இணைய முகவரி. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் பெயரும் எண்ணும் தெரியும். பழுது வந்தால் பள்ளிக்காரர் தேடப்போவது அந்த எண்ணைத்தான். லோகோ 120×120 பிக்சல், 32 பிட் பிஎம்பி. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கட்டும். பெயர் தமிழில் என்றால் அன்அட்டெண்ட் கோப்பைத் தமிழ் எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். ஏஎன்எஸ்ஐ என்று சேமித்தால் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும்.

முதலில் ஒரு கணினியில் மட்டும் விண்டோஸ் போடுங்கள். நாடு கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பயனர் கணக்கு உருவாக்காமலே கணினியைத் தயார்செய்யும் ஆடிட் மோடுக்குப் போகும். டிரைவர்களை முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணையம் இருந்தால் ஸ்டோர் செயலிகள் தாமாகவே அப்டேட் ஆகிவிடும். அப்படி ஒரு பயனருக்கு மட்டும் பதிந்த செயலி இருந்தால் சிஸ்பிரெப் (நகலெடுக்க விண்டோஸைத் தயார்செய்யும் கருவி) பாதியில் நின்றுவிடும்; பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எந்தச் செயலி என்பது சிஸ்பிரெப் ஃபோல்டரின் பாந்தர் உள்ஃபோல்டரில், செட்டப்ஆக்ட்.லாக் கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும். பவர்ஷெல்லில் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டிரைவில் பிட்லாக்கர் (டிரைவில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) ஆன் ஆகியிருந்தாலும் இதே கதை. அணைத்துவிட்டு முழுதாக டிக்ரிப்ட் ஆகும்வரை காத்திருங்கள்.

சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ் (அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்குவது), ஓஓபிஇ (அடுத்த முறை ஆன் செய்தால் முதல்முறைத் திரைகளைக் காட்டுவது), ஷட்டவுன் மூன்றும் கொடுத்து ஓட்டுங்கள். அன்அட்டெண்ட் கோப்பையும் அதே கட்டளையில் காட்ட வேண்டும். அணைந்தபின் பென்டிரைவில் பூட் செய்து டிஸ்ம் கட்டளை வழியே இமேஜ் (அந்த விண்டோஸின் முழு நகல்) எடுத்து மற்ற 19-க்கும் போடலாம். நடுவே சும்மா பார்க்கலாமென்று ஆன் செய்துவிட்டால் முதல்முறைத் திரைகள் ஓடிவிடும், திரும்ப சிஸ்பிரெப்தான்.

கேள்வி: பழைய லேப்டாப் வாங்கினேன். 'அபவுட்' பக்கத்தில் யாரோ ஒரு கடையின் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் விண்டோஸ் அசல்தானா?

பதில்: பெயருக்கும் உரிமத்துக்கும் சம்பந்தமே இல்லை, யாரும் எழுதிக்கொள்ளலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன் என்று இறங்கி, ஓஇஎம்இன்ஃபர்மேஷனில் உள்ள மதிப்புகளை அழித்தால் போய்விடும். உரிமத்துக்கு, கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் எழுதி, இடைவெளி விட்டு /டிஎல்ஐ கொடுங்கள். வரும் பெட்டியில் ஓஇஎம் (கணினியோடு வந்த உரிமம்) அல்லது ரீடெயில் (தனியாக வாங்கிய உரிமம்) என்று இருப்பது வழக்கம். வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்றிருந்தால் அது நிறுவனங்களுக்கான வகை, வீட்டு லேப்டாப்பில் இருக்க வேண்டியதல்ல. விற்றவரிடம் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.