யாரும் எதிர்க்காத மனு

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவள் எடையே இருபத்துமூன்று கிலோதான். அன்று இரவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு இணைய மனுவில் கையெழுத்துப் போட்டேன். பைச் சுமை குறைய வேண்டும், வீட்டுப்பாடம் கூடாது, பி.டி. பீரியடை மற்ற டீச்சர்கள் பிடுங்கக் கூடாது, பள்ளிகளில் மனநல ஆலோசகர் வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். முதல்வருக்கும் பிரதமருக்கும் அனுப்புவார்களாம். ஆயிரக்கணக்கில் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. “இதனால ஒரு நோட்டாவது குறையுமா?” என்று என் மனைவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மனுக்களால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா?

கே.எஸ்., திருப்பூர்

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் மனைவி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அந்த மனுவால் ஒரு நோட்டும் குறையாது என்றே நினைக்கிறேன். மனு போடுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. பைச் சுமைக் கோரிக்கையை எதிர்க்க ஆளே கிடையாது, சிக்கல் அங்கே இருக்கிறது.

இந்த விஷயத்தில் நாடே ஒரு கட்சி. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, பை தூக்கியே பிள்ளைகள் கூன் விழுந்து நடக்கிறார்கள் என்று அவையில் பேசினார். பிறகு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு. 1993இல் அறிக்கையும் வந்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன், பை எடை குழந்தையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வழி செய்யச் சொன்னார். அந்த நவம்பரிலேயே மத்திய மனிதவள அமைச்சகத்தின் சுற்றறிக்கை: ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ஒன்றரை கிலோ, மூன்று முதல் ஐந்து வரை இரண்டிலிருந்து மூன்று கிலோ, பத்தாம் வகுப்புக்கு ஐந்து. உங்கள் மகள் நாலாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு அளவைத் தாண்டிச் சுமக்கிறாள். 2020இல் பைக்கென்றே ஒரு தேசியக் கொள்கையும் வந்துவிட்டது. இதற்கு மேல் மேலிடத்தில் கேட்டு வாங்க என்ன பாக்கி? மிஞ்சிப்போனால் இன்னொரு சுற்றறிக்கை வரும்.

ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நினைவிருக்கிறதா? 2019 செப்டம்பரில் தமிழக அரசு அதற்கு அரசாணை போட்டது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்று சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை மத்திய அரசு அந்த ஆண்டுதான் திருத்தியிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் பெற்றோரும் கொதித்தார்கள். தரம் உயரும் என்று வாதாடவும் ஆள் இருந்தார்கள், சண்டை சூடுபிடித்தது. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த அரசாணையைத் திரும்பப் பெறு. 2020 பிப்ரவரி 4 அன்று தேர்வு ரத்து என்று அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அறிவித்தார். (அடுத்த மாதமே கொரோனா வந்து மற்ற தேர்வுகளையும் அள்ளிக்கொண்டு போனது வேறு கதை.) ஆணை போட்டவர் யார் என்பது தெரிந்திருந்தது, அதை எடுக்க வேண்டியவரும் அவரே. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் தேர்வு என்று ஒரு கெடுவும் இருந்தது.

பைக்கு இப்படி ஒரு அரசாணை கிடையாது. ‘ஆறு கிலோ சுமக்கட்டும்’ என்று யாரும் ஆணை போடவில்லை. அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது? இன்று சாயங்காலம் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். பாடப்புத்தகம் பாதிகூட இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். பிரவுன் அட்டை போட்ட நீள நோட்டுகள்தான் குவியும்: ஒரே பாடத்துக்கு கிளாஸ் ஒர்க், ஹோம் ஒர்க், டெஸ்ட் என்று மூன்று. அதோடு ஒர்க் புக், ஜி.கே. புத்தகம், டைரி, ரஃப் நோட்டு. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ. பள்ளிப் பெயர் அச்சடித்த அந்த நோட்டுக் கட்டை ஜூனில் பில் போட்டு விற்றது யார்? டைம்டேபிளில் இல்லாத பாடத்தைத் திடீரென்று எடுத்துவிட்டு “ஏன் கொண்டுவரல?” என்று எழுப்பி நிற்க வைப்பது யார்? ஒருமுறை நின்ற பிள்ளை மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் திணித்துக்கொண்டுதான் போகும். வாய்விட்டு யாரும் எதிர்க்காவிட்டாலும் நடைமுறையில் எதிர்க்க ஆள் இருக்கிறார்; அவர் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார், பிரதமர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்திலேயே கையெழுத்துப் போடலாம். 10,000 பேர் சேர்ந்தால் அரசு பதில் தரும், ஒரு லட்சம் சேர்ந்தால் அவையில் விவாதிப்பதைப் பரிசீலிப்பார்கள். நாம் கையெழுத்துப் போடும் தனியார் தளங்களுக்கு இங்கே அப்படி ஒரு கணக்கும் கிடையாது. சட்டப்பேரவைக்கு மனுக்கள் குழு இருக்கிறது, திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். அங்கே ஆயிரம் பேர் வேண்டாம், ஒரு ஆள் போதும்.

ஆனால் முகம் தெரியாத பிரதமருக்குக் கையெழுத்துப் போடுவது சுலபம். தினமும் பார்க்கிற பிரின்சிபாலுக்குப் போட்டால் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். அவள் வகுப்புப் பெற்றோரில் பத்துப் பதினைந்து பேராகப் போங்கள். ஒரே பக்கக் கடிதம் போதும். பையின் எடையை எழுதுங்கள், சுற்றறிக்கை சொல்லும் எடையைப் பக்கத்தில் எழுதுங்கள், ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு, டெஸ்ட் நோட்டு வகுப்பு அலமாரியிலேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முறையிடச் சொல்லலாம்தான், ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. பள்ளி அசையவில்லையென்றால் அடுத்த படி மாவட்டக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார். சுற்றறிக்கைக்குப் பிறகு எந்தெந்தப் பள்ளியில் பை எடையைச் சோதித்தீர்கள் என்று அந்த அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டால் முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பி.டி. பீரியடுக்கும் இதே வழிதான், டைம்டேபிளே சாட்சி. மனநல ஆலோசகர் கோரிக்கை மட்டும் வேறு வகை. அரசுப் பள்ளிகளில் அதற்குப் பணியிடம் உருவாக்க வேண்டும், சம்பளத்துக்கு நிதி ஒதுக்க வேண்டும். அதைப் பிரின்சிபாலால் செய்ய முடியாது, கோட்டையில்தான் செய்ய முடியும். மனுவை எழுதியவர்கள் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்: அந்த ஒன்றை மட்டும் பிரித்து, எத்தனை பள்ளிக்கு ஒருவர், எந்த பட்ஜெட்டுக்குள் என்று தெளிவாக எழுதித் தனி மனுவாகப் போடட்டும். அதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.