பிக் இட் அப் சரி, பிக் அப் இட் ஏன் தப்பு? ஆங்கில வினைச்சொல் கேள்வி பதில்

இட், மீ, ஹிம் போன்ற சொற்களும் அப், ஆன், டு, ஃபார் போன்றவையும் ஆங்கில வினைச்சொல்லோடு எப்படிச் சேரும் என்று சிங்கப்பூரில் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

அக்கா, நான் ஷிப்யார்டில் வேலை பார்க்கிறேன். ஹெல்மெட்டைக் காட்டி "புட் ஆன் இட்" என்றால் சூப்பர்வைசர் திருத்துகிறார். ஆனால் அவரே "புட் ஆன் த ஹெல்மெட்" என்கிறார். எது சரி?

அவர் சொல்வது இரண்டு இடத்திலும் சரிதான் தம்பி. பொருளின் பெயரைச் சொல்லும்போது "புட் ஆன் த ஹெல்மெட்", "புட் த ஹெல்மெட் ஆன்" என்று இரண்டு விதமாகவும் சொல்லலாம். பெயருக்குப் பதில் இட், தெம், மீ, ஹிம் வந்துவிட்டால் ஒரே இடம்தான், அது நடுவில்: "புட் இட் ஆன்", "டேக் தெம் ஆஃப்", "டர்ன் இட் ஆஃப்", "பிக் மீ அப்", "ஃபில் இட் இன்", "த்ரோ இட் அவே".

காரணம் இதுதான். ஆங்கில வாக்கியத்தில் புதுச் செய்தி கடைசியில் வந்து அழுத்தம் வாங்கும். "இட்" என்றாலே எதைச் சொல்கிறோம் என்பது தெரிந்துவிட்டது, அதற்கு அழுத்தம் கிடையாது. மாட்டுவதா கழற்றுவதா என்பதுதான் செய்தி. அதனால் ஆன், ஆஃப் கடைசிக்குப் போய்விடுகின்றன.

பெயர் நீளமாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். "டேக் ஆஃப் த க்ளவ்ஸ் யூ வோர் இன் த பெயிண்ட் ரூம்" என்பதில் ஆஃபைக் கடைசிக்குத் தள்ளினால், கேட்பவர் அதற்குள் "டேக்" என்றதை எடுத்துக்கொண்டு போவது என்று புரிந்துகொள்வார். வேலையிடத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

அப்படியானால் "லுக் இட் ஃபார்" ஏன் தப்பு?

லுக் ஃபார், லுக் ஆஃப்டர், வெயிட் ஃபார், லிசன் டு, டிபெண்ட் ஆன் எல்லாம் பிரியாத ஜோடிகள். "லுக் ஃபார் இட்", "வெயிட் ஃபார் மீ" என்றுதான் வரும்.

பிரியுமா பிரியாதா என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். "பிக் இட் அப்" சொல்லிப் பாருங்கள், குரல் அப்-இல் ஏறும். "லுக் அட் இட்" என்பதில் லுக்-இல் ஏறும், அட் ஓடி ஒளிந்துவிடும். ஃபார், டு, அட், வித், ஃப்ரம் ஆகியவற்றோடு நேராக ஒட்டும் "இட்" அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும். அவே, பேக் பிரியும் ரகம்.

அப், டவுன், ஆஃப், ஆன், ஓவர், த்ரூ போன்றவை இரண்டு பக்கமும் ஆடும். இவற்றுக்கு ஒரு கேள்வி போதும்: நகர்வது பொருளா, நீங்களா? "டேக் இட் ஆஃப்" என்றால் ஹெல்மெட் நகர்கிறது, அதனால் நடுவில். "கெட் ஆஃப் த பஸ்" என்றால் இறங்குவது நீங்கள், அதனால் "கெட் ஆஃப் இட்". இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது, ஆனால் கையால் செய்யும் வேலைகளுக்குப் பெரும்பாலும் சரியாக வரும்.

புது வினைச்சொல் எழுதி வைக்கும்போது வெறும் "டர்ன் ஆஃப்" என்று எழுதாதீர்கள். "டர்ன் இட் ஆஃப்", "லுக் ஆஃப்டர் இட்" என்று இட்டோடு சேர்த்தே எழுதுங்கள். விதியை நினைவுபடுத்தவே வேண்டாம்.

ஆபீஸ் ஈமெயிலில் "ப்ளீஸ் ரிப்ளை மீ", "வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்" என்று எழுதுகிறேன். இங்கே எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள், ஆனாலும் இரண்டும் தப்பு. "அவரிடம் சொன்னேன்", "அவரிடம் கேட்டேன்" என்று பலவற்றுக்கும் தமிழில் ஒரே உருபு போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் தனிப் பழக்கம். டெல், ஆஸ்க், கால், ஆன்சர், கான்டாக்ட், இன்ஃபார்ம் ஆகியவை ஆளை நேராகப் பிடிக்கும்: "டெல் ஹிம்", "கான்டாக்ட் மீ". சே, எக்ஸ்ப்ளெயின், சஜெஸ்ட், ரிப்ளை, லிசன், அபாலஜைஸ் ஆகியவற்றுக்கு நடுவில் டு வேண்டும்: "ரிப்ளை டு மீ", "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ". "எக்ஸ்ப்ளெயின் மீ" என்பது நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை.

"டிஸ்கஸ் அபவுட்" எங்கிருந்து வருகிறது? "பற்றிப் பேசினோம்" என்ற தமிழ் ஒரு பக்கம். "எ டிஸ்கஷன் அபவுட் இட்" என்ற பெயர்ச்சொல் இன்னொரு பக்கம். பெயர்ச்சொல்லோடு அபவுட் வரலாம், வினையோடு வரக்கூடாது: "வி டிஸ்கஸ்ட் இட்". இதே மாதிரி "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, ஆனால் வினையாக்கினால் "ஐ ரிக்வெஸ்டட் லீவ்". "எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி" சரி, வினையில் "எம்ஃபசைஸ் சேஃப்டி".

"ப்ளீஸ் ரிவர்ட்" இங்கே எல்லா அலுவலகத்திலும் புழங்குகிறது. பிரிட்டிஷ், அமெரிக்க வாடிக்கையாளருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. அவர்களுக்கு ரிப்ளை என்றே எழுதுங்கள்.

"செண்ட் மீ இட்"-ஆ, "செண்ட் இட் டு மீ"-ஆ?

இரண்டாவது. "செண்ட் மீ த ஃபைல்" நன்றாக இருக்கும், ஆனால் ஃபைல் இட் ஆகிவிட்டால் டு போட்டுவிடுங்கள். பை, மேக், குக் ஆகியவற்றுக்கு டு அல்ல, ஃபார்: "பை இட் ஃபார் மீ".

மகள் பிரைமரி 5. "மை ஃப்ரெண்ட் கேவ் மீ எ புக். ஐ லைக்." என்று எழுதியதை டீச்சர் வட்டம் போட்டிருக்கிறார். என்ன குறை?

"இட்" இல்லை. "புத்தகம் கொடுத்தாள், எனக்குப் பிடிச்சிருக்கு" என்று தமிழில் நிறுத்தலாம், சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்கிலீஷிலும் "ஐ லைக்" போதும். கட்டுரையில் லைக், வாண்ட், செண்ட், பை, ப்ரிங் எல்லாம் தனியாக நிற்காது: "ஐ லைக் இட்", "ஐ ஹாவ் ஆல்ரெடி சென்ட் இட்". ஈட், ரீட், குக் தனியாக நிற்கும், பிள்ளைகள் குழம்புவது அதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: வீட்டில் "ஆன் த லைட்", "ஆஃப் த ஃபேன்" என்கிறோம், அதில் வினைச்சொல்லே இல்லை. பரீட்சைக்கு "டர்ன் த லைட் ஆன்". வீட்டுப் பேச்சுக்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம், எங்கே எது என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

"ஐ வில் செண்ட் யூ டு த ஏர்போர்ட்", "ஐ ஃபாலோ யூ" சரியா?

சிங்கப்பூரில் புரியும். வெளியூர்க்காரருக்கு செண்ட் என்றால் நீங்கள் கூட வராமல் அனுப்பி வைப்பது, ஃபாலோ என்றால் பின்னாலேயே வருவது. "டேக் யூ", "கம் வித் யூ" சொல்லுங்கள்.

நான் நர்ஸ். "சீ ஹிம் த்ரூ", "சீ த்ரூ ஹிம்" வேறுவேறா?

முற்றிலும் வேறு. "த சேவிங்ஸ் வில் சீ ஹிம் த்ரூ" என்றால் அந்தச் சேமிப்பு அவரைக் கஷ்டகாலம் தாண்டும்வரை தாங்கும். "ஐ கேன் சீ த்ரூ ஹிம்" என்றால் அவருடைய நாடகம் எனக்குத் தெரிகிறது. நோயாளியின் குடும்பத்திடம் மாற்றிச் சொன்னால் மனம் நோகும். "கெட் ஓவர் இட்" துக்கத்திலிருந்து மீள்வது, "கெட் இட் ஓவர் வித்" பிடிக்காத வேலையைச் சீக்கிரம் முடித்துத் தொலைப்பது. ஊசி போடும்போது இரண்டாவதுதான் பொருந்தும்.

"லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ"-வா, "மீட்டிங் யூ"-வா?

"மீட்டிங் யூ". டு-வுக்குப் பின்னால் இட் வைத்துப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" நிற்கிறது, அதனால் வினை வந்தால் இங் சேர்க்க வேண்டும். "ஐ வாண்ட் டு இட்" நிற்கவில்லை, அதனால் "வாண்ட் டு மீட்". "ஐ ஆம் யூஸ்ட் டு இட்" நிற்கும், ஆகவே "ஐ ஆம் யூஸ்ட் டு டேக்கிங் த எம்ஆர்டி", அதாவது எம்ஆர்டி ரயிலில் போவது பழகிவிட்டது. ஆம் இல்லாமல் "ஐ யூஸ்ட் டு டேக் த எம்ஆர்டி" என்றால் முன்பு போவேன், இப்போது போவதில்லை.